அடுப்படிக்குக் கீழே

கோவில்பதாகையில் பாஸ்கல் வீட்டு அடுப்படிச் சுவர் விரிசல் விட்ட வருஷம், சகாயம்மாள் அதன்மேல் ஒரு தினசரிக் காலண்டரை மாட்டி மறைத்தாள். தாள் கிழியக் கிழியக் காலண்டர் இளைத்தது, விரிசல் பெருத்தது. மறு வருஷம் பங்குக் கோவிலில் கேட்டு, மாதா படம் போட்ட பெரிய காலண்டராக வாங்கி வந்தாள். அதற்கும் மறு வருஷம் மாதாவின் பாதத்துக்குக் கீழே ஒரு ஜாண் நீளம் விரிசல் வெளியே வந்துவிட்டது. அதைவிடப் பெரிய காலண்டர் ஆவடி பஜாரில் யாரும் விற்கவில்லை.

வீட்டைக் கட்டியவன் எத்திராஜ் மேஸ்திரி. மனையை விற்றவனும் அவனேதான். ஏரிக்குக் கீழே அவனுடைய அப்பா நெல் போட்ட கழனி அது. ஆவடி பேக்டரிகளில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் சொந்த மனைக்கு நாயாய் அலைந்த எண்பதுகளில், எத்திராஜ் வரப்பைக் கலைத்து, கல் நட்டு, அந்த இடத்துக்கு நகர் என்று ஒரு பேரும் வைத்து விற்றான். மனை வாங்கினவர்களிடம் வீட்டையும் நானே கட்டித் தருகிறேன் என்றான். "எங்கப்பன் உழுத மண்ணு சார். இத்தோட கொணம் என்னைவிட எவனுக்குத் தெரியும்?" என்று அவன் கேட்டபோது பாஸ்கல் உருகிப்போனார். பாஸ்கல் அப்படிப்பட்ட மனுஷர். பேக்டரியில் லேத்தில் நின்றால் மயிரிழை பிசகாது, வெளியே வந்தால் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்.

விரிசலைக் காட்டக் கூப்பிட்ட போதெல்லாம் எத்திராஜ் தன் டிவிஎஸ் பிப்டியில் வரத்தான் செய்தான். சுவரைத் தட்டிப் பார்ப்பான். "ஹேர் கிராக்கு சார், புது ஊடுன்னா வர்றதுதான்" என்று சிமெண்டுப் பாலைக் கரைத்துத் துணியால் தேய்ப்பான். சகாயம்மாள் கொடுக்கிற காபியைக் குடிப்பான், போய்விடுவான். வீடு கட்டி ஏழெட்டு வருஷமாகியும் அவனுக்கு அது புது வீடாகவே இருந்தது.

சகாயம்மாளுக்கு வாய் நீளம் என்று தெருவில் பேர் உண்டு. அந்த வாயையும் அவள் அத்தனை காலம் இந்த விஷயத்தில் அடக்கித்தான் வைத்திருந்தாள், பாஸ்கல் மனம் நோகுமே என்று. அதைத் திறந்துவிட்டவள் கொரட்டூர் சம்பந்தியம்மாள்.

மகள் ஞானகுமாரியைக் கொரட்டூரில் எட்மண்டுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஏழாவது மாசம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவர நாள் குறிப்பதற்காக எட்மண்டின் அம்மா தெரசா டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தாள். ஆட்டுக்கறிக் குழம்பு, மாங்காய் போட்ட பருப்பு, பாயசம் என்று சகாயம்மாள் ஒரு குறையும் வைக்கவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே அலம்புகிறேன் என்று தெரசா அடுப்படிக்குள் போனதுதான் வினை. ஜன்னல் காற்றில் மாதா காலண்டர் ஆடியது. தெரசா அதைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு தன் ஆள்காட்டி விரலைச் சுவருக்குள் விட்டாள். விரல் போய்க்கொண்டே இருந்தது.

"சம்பந்தியம்மா, இங்க கொஞ்சம் வாங்க" என்றாள்.

சகாயம்மாள் வந்து பார்த்தாள். சம்பந்தியின் விரல் தன் சுவருக்குள் பாதி புதைந்திருந்ததைப் பார்த்ததும் சேலையை யாரோ நடுத்தெருவில் இழுத்த மாதிரி கூசிப்போனாள்.

"சின்ன வெடிப்புதான் சம்பந்தி. மேஸ்திரி வரேன்னு சொல்லிக்கிறாரு."

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் மனசுல வெச்சிக்கினு பேசற ஆளு இல்ல" என்றாள் தெரசா, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே. "என் மருமக, அவ வயித்துல என் பேரப்புள்ள. இந்தச் செவுரு சரியாவட்டும். நானே கூட்டியாந்து உட்டுட்டுப் போறேன். இல்லாங்காட்டி கொரட்டூர்லயே ஆஸ்பத்திரி இருக்கு, நான் பாத்துக்கறேன்."

தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லை என்றால் பெற்றவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? அதுவும் வீடு இல்லாமல் அல்ல, சொந்த வீடு இருந்து, அது ஆள் தங்க லாயக்கில்லை என்று. தெரசாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து சகாயம்மாள் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது.

அடுத்த நாளே பஸ் பிடித்துக் கரையான்சாவடிக்குப் போனாள். மெயின் ரோட்டில் ஒரு கடைக் கட்டடத்துக்கு எத்திராஜ் சாரத்தின்மேல் நின்று செங்கல் வைத்துக்கொண்டிருந்தான். கீழே சித்தாள் பெண்கள் ஜல்லிக் கூடையைத் தலைமாற்றிக்கொண்டிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"மேஸ்திரி, கீழ எறங்கு."

"இன்னாக்கா இம்மாந் தூரம்? சொல்லி அனுப்பிச்சிருந்தா நானே வந்திருப்பேன்ல?"

"சொல்லி அனுப்பிச்சி அனுப்பிச்சி என் நாக்குத் தேஞ்சிபோச்சி. செவுத்துல என் சம்பந்திக்காரி வெரல உட்டுப் பாத்துட்டுப் போயிக்கிறா. என் பொண்ண அனுப்ப மாட்டேன்றா."

"வெரல உட்டாங்களா? செவுத்துல யாராச்சும் வெரல உடுவாங்களா? நோண்டினா பெர்சாத்தான் ஆவும்."

"நோண்டறதுக்கு எடம் இருந்ததாலதானே நோண்டினா. நீ கட்டின லட்சணம் அப்பிடி."

எத்திராஜ் மெதுவாக இறங்கி வந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "யக்கா, நான் ஒண்ணு கேக்கறேன். ஆட்டுக்கல்லு எங்க போட்டுக்கீற? செவுத்தாண்டதானே? தெனிக்கும் மாவு ஆட்டற. அந்த அதிர்ச்சி எங்க போவும்? செவுத்துக்குத்தான் போவும்."

"எங்க தெருவுல அத்தினி ஊட்லயும் ஆட்டுக்கல்லு கீது. என் செவுரு ஒண்ணுதான் பொளந்துக்கினு நிக்குது."

"அப்ப நீ வேகமா ஆட்டற போல."

சித்தாள்கள் சிரித்துவிட்டார்கள். முனியம்மா என்கிறவள் தலைக்கூடையைக் கையால் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சகாயம்மாளுக்குக் காது மடல் சூடேறியது. எதையாவது எடுத்து அவன் மேல் எறியலாமா என்று சுற்றிலும் பார்த்தாள். புதுச் சுவரில் நேர் பார்க்கிற தூக்குக்குண்டு தொங்கிக்கொண்டிருந்தது. வெண்கலக் குண்டு, அவன் கைபட்டுக் கைபட்டு மினுமினுத்தது. அதை நூலோடு பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"யக்கா, அது தொழில் சாமான். ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சிக் கும்புடறது. குட்த்துடு."

"என் ஊட்டு அடுப்படியும் நான் கும்புடற எடந்தான். வந்து செவுத்த நிமித்திட்டு வாங்கிக்கோ."

"பொம்பளையாச்சேன்னு பாக்கறேன்."

"பாரு. நல்லா பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு சகாயம்மாள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். முனியம்மா இப்போது சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் பாஸ்கல் பேக்டரியிலிருந்து வந்ததும் அவள் குண்டை எடுத்துக் காட்டினாள். பாஸ்கல் திட்டுவார் என்றுதான் நினைத்தாள். அவரோ அதை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய் ஸ்டூல் போட்டு ஏறி, அடுப்படிச் சுவரின் உச்சியிலிருந்து நூலைத் தொங்கவிட்டார். மேலே சுவரை ஒட்டி இறங்கிய நூல், கீழே வரவரச் சுவரை விட்டு விலகிக் கட்டைவிரல் தள்ளி நின்றது. இரண்டு முறை தூக்கி இரண்டு முறை விட்டுப் பார்த்தார்.

"சகாயம், இது வெடிப்பு இல்ல" என்றார். "செவுரு வெளிய சாயுது. கீழ எதுவோ எறங்குது."

பாஸ்கல் பயந்து அவள் அதுவரை பார்த்ததில்லை. அடுப்படி வீட்டின் பின்பக்கம் தனியாக நீட்டிக்கொண்டிருக்கிற அறை. அதை ஒட்டியதுதான் உள்ளறை. ஞானகுமாரியைப் படுக்க வைக்கச் சகாயம்மாள் ஒழித்துவைத்திருந்த அறை அது.

வேறு மேஸ்திரியைப் பார்க்கலாம் என்று ஆவடிக்குப் போய்க் கலியமூர்த்தியை அழைத்து வந்தார்கள். அவர் வெளியிலிருந்தபடியே சுவரைப் பார்த்தார், கிட்டே வரவில்லை. "எத்திராஜ் கட்டின ஊடு சார். அவன் சொல்லாம நான் கரணை வெச்சேன்னா, நாளைக்கு என் வேலைல அவன் வந்து நிப்பான். எங்களுக்குள்ள அப்பிடி ஒரு கட்டு கீது" என்றார். காபிகூடக் குடிக்காமல் போனார்.

இப்படியே ஆனி கழிந்து ஆடி பிறந்தது. எத்திராஜ் வரவில்லை. ஆடி முதல் வெள்ளிக்கிழமை அவன் பெண்டாட்டி தாட்சாயிணி வந்தாள்.

அவள் வருஷா வருஷம் வருகிறவள்தான். அடுப்படிச் சுவருக்கு வெளியே, சுவரை ஒட்டி, ஏழு சின்னக் கற்கள் வரிசையாய் நட்டிருக்கும். மனை விற்கும்போதே எத்திராஜ் அதைச் சொல்லிவிட்டான். எங்க ஊட்டுக் கன்னிமார், ஆடியில ஒரு நாள் வந்து மஞ்சத் தண்ணி ஊத்திக்கினு போவோம், வேற ஒரு தொந்தரவும் கெடையாது என்றான். சகாயம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டாள். அவர் சிரித்து, வருஷத்தில் ஒரு நாள்தானே, விடம்மா என்றுவிட்டார். விட்டாள். தாட்சாயிணி வந்து போனதும் பங்குக் கோவிலில் மந்திரித்த தீர்த்தத்தை எடுத்து அந்த இடத்தில் இரண்டு சொட்டுத் தெளிப்பாள், அவ்வளவுதான். தாட்சாயிணி தருகிற கூழை வாங்கிக் குடிக்கவும் குடிப்பாள்.

அந்த வருஷம் கூழும் இல்லை, ஒன்றுமில்லை. தாட்சாயிணி தலை குனிந்தபடி பின்வாசல் வழியாக வந்தாள். சகாயம்மாள் வா என்று சொல்லவில்லை. அவள் வரும் நாளில் மீன் எடுப்பதில்லை என்று தானாக வைத்திருந்த மரியாதையையும் அன்று மீறினாள். வேண்டுமென்றே ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்து சங்கரா மீனை அலசினாள். நாறட்டும் என்று நினைத்தாள்.

வெளியே தாட்சாயிணி கற்களைக் கழுவி மஞ்சள் பூசினாள். வேப்பிலை செருகினாள். கற்பூரம் ஏற்றி, முந்தானையை ஏந்தி, முணுமுணுக்க ஆரம்பித்தாள். வருஷா வருஷம் அவள் முணுமுணுப்பது சகாயம்மாளின் காதில் விழுந்ததே இல்லை. அடுப்பு இரைச்சல், ரேடியோ, என்னவாவது இருக்கும். அன்று இரண்டும் இல்லை.

"தாயே, கன்னியம்மா, வாயத் தொறந்துடாத. மேல கீறவங்க ஒண்ணும் அறியாதவங்க. அந்த யக்கா நின்னுகினு சமைக்கிற எடம். புள்ளத்தாச்சிப் பொண்ணு வரப்போவுதாம், அது காலு வெக்கற எடம். உன்ன மூடினது எங்க ஊட்டு ஆம்பள. பழி எங்களோட போவட்டும். அவங்கள முழுங்கிடாத தாயே."

சகாயம்மாளின் கையிலிருந்த மீன் சட்டிக்குள் விழுந்தது. அவள் எழுந்து பின்பக்கம் ஓடினாள்.

"இன்னாடி சொன்ன? எத்த மூடினான்? இங்க இன்னா கீது?"

தாட்சாயிணி வெலவெலத்துப்போனாள். "ஒண்ணுமில்லக்கா. சாமி கும்புட்டேன்."

"முழுங்கிடாதன்னியே. எது முழுங்கும்? கல்லு முழுங்குமா? மண்ணு முழுங்குமா? என் பொண்ணு வந்து படுக்கற ஊடுடி இது. சொல்லுடி!"

தாட்சாயிணி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் கை சகாயம்மாளின் சேலையெல்லாம் அப்பியது. "கெணறுக்கா. மாமனாரு வெட்டினது. மனைல கெணறு இருந்தா யாரும் வாங்க மாட்டாங்கன்னு எங்க ஊட்டுக்காரரு மூடிட்டாரு. பாதி கெணத்து மேல உன் அடுப்படி நிக்குது. வேணான்னு நான் அழுதேன், கேக்கல. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதக்கா. கொன்னே போட்ருவாரு. உன் புள்ளைங்க மேல சத்தியமா சொல்லாத."

சொல்ல மாட்டேன் என்று சகாயம்மாள் தலையாட்டினாள். அந்த நேரத்தில் அவள் மனசில் கிணறு தவிர வேறெதுவும் நிற்கவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கற்களைத் தாண்டித்தான் துணி உலர்த்தப் போயிருக்கிறாள். எதற்காக இங்கே வந்து கும்பிடுகிறார்கள் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், கேட்கத் தோன்றவில்லை. அவங்க சாமி, நமக்கென்ன என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் பாஸ்கலுக்கு லீவு. இரண்டு பேருமாகச் சாமான்களை எடுத்துத் தாழ்வாரத்தில் வைத்தார்கள். பிறகு சகாயம்மாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். ரெட் ஆக்சைடு போட்ட தரை. வாரம் தவறாமல் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தாள். முதல் குத்தை மெதுவாகத்தான் வைத்தாள். அப்புறம் ஒவ்வொரு குத்துக்கும் எத்திராஜை ஒரு வசவு வைதாள். வசவு வர வரக் கைக்குப் பலம் வந்தது.

தரை பெயர்ந்து கீழே மணல் தெரிந்தது. பாஸ்கல் நகரச் சொல்லிவிட்டுத் தானே கடப்பாரையை ஓங்கி இறக்கினார். இறங்கிய கடப்பாரை நிற்கவில்லை. அவர் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு அப்படியே உள்ளே போய்விட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கோ கீழே தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. அந்த ஓட்டையிலிருந்து அழுகின வைக்கோல் நாற்றம் குப்பென்று மேலே வந்தது.

"வெளிய வா" என்றார் பாஸ்கல். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல் வரை வந்த பிறகுதான் விட்டார்.

சேதி தெருவெல்லாம் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு சுலைமான் பாய் ஓடி வந்தார். அவர் மனையும் எத்திராஜ் விற்றதுதான், வீடும் அவன் கட்டியதுதான். எதிர்வீட்டு எல்லம்மா வந்தாள். ஆள்மேல் ஆள் சேர்ந்து எட்டிப் பார்த்தார்கள். யாரோ போய்ச் சொல்லி, வெயில் ஏறுவதற்குள் எத்திராஜும் வந்து சேர்ந்தான். டிவிஎஸ் பிப்டியை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே பாய்ந்தான்.

"யாரக் கேட்டுத் தரைய ஒடச்ச?"

"என் ஊட்டுத் தரைய ஒடைக்க உன்னக் கேக்கணுமா? கீழ இன்னா வெச்சிக்கீற, நீ சொல்லு மொதல்ல."

"இன்னா கீது? ஏரிக்குக் கீழ கீற மண்ணு, ஈரம் ஏறிப் பொந்து வுழுந்துக்கீது. பெருச்சாளி வேலையா இருக்கும்."

"பெருச்சாளியா? கெணறுடா! உங்கப்பன் வெட்டின கெணறு!"

"எவன் சொன்னான்?"

சகாயம்மாளுக்கு ஆத்திரத்தில் கண் தெரியவில்லை, சத்தியமும் நினைவில் இல்லை. தெரு அதிரக் கத்தினாள். "உன் பொண்டாட்டி வாயாலயே கேட்டேன்டா! எங்கள முழுங்கிடக் கூடாதுன்னு அவ வருஷா வருஷம் சாமியக் கெஞ்சிக்கினு கீறா, நீ சிமெண்டுப் பால் தடவிக்கினு கீற!"

எத்திராஜின் முகம் கறுத்தது. பிறகு, பிடிபட்டவனுக்கு வருகிற துணிச்சல் வந்துவிட்டது.

"ஆமாம், கெணறுதான். இப்ப அதுக்கு இன்னான்ற? நான் மறைச்சேன்னு எப்பிடிச் சொல்லுவ? வருஷா வருஷம் என் ஊட்டுப் பொம்பள உன் கண்ணெதிர்ல வந்து மஞ்சத் தண்ணி ஊத்தினாளே, கெணத்துக்கு இல்லாம வேற எதுக்கு ஊத்துவாங்க? எங்க ஊர்ல பொறந்த கொழந்தையக் கேட்டாலும் சொல்லும், கன்னிமாரு கெணத்தாண்டதான் இருப்பாங்கன்னு. நீ ஏசுவக் கும்புடறவ, உனக்குத் தெரியல. அது என் தப்பா?"

கூட்டத்தில் ரெண்டு பேர் தலையாட்டவும் செய்தார்கள். அவ்வளவு நியாயமாக அவன் அதைக் கேட்டான்.

சுலைமான் பாய்தான் பேசினார். "மேஸ்திரி, இந்த ஊட்டுக்குக் கீழ கெணறு. என் ஊட்டுக்குக் கீழ இன்னா கீது, அத்தையும் சொல்லிட்டுப் போ."

"உன் ஊட்டுக்குக் கீழ ஒண்ணும் இல்ல பாய். கழனிதான்."

"அத்த எப்பிடி நம்பறது?"

"ஏன், நீ புதுசா மனை போட்டுக் கல்லு நட்டுக்கீறியே அந்தாண்ட, அதுல எத்தினி கெணறு?" என்று எல்லம்மா எடுத்துக் கொடுத்தாள். எத்திராஜ் திரும்பி அவளை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தான்.

அதுவரை வாசற்படியில் உட்கார்ந்திருந்த பாஸ்கல் எழுந்து வந்தார். "மேஸ்திரி, எத்தப் போட்டு மூடின?" என்று கேட்டார். குரல் உயரவில்லை.

"கைக்குக் கெடச்சதப் போட்டேன் சார். ஒடஞ்ச செங்கல்லு, ஓடு, வெக்கோலு. ஆனா சும்மா உட்டுடல சார். மேல கம்பி கட்டி காங்கிரீட் பெல்ட்டு போட்டேன். யான ஏறி நின்னாலும் தாங்கும்."

"தாங்குமா?"

"கண்டிப்பா தாங்கும் சார்."

"அப்ப உள்ள போயி நில்லு."

"சார்?"

"நீ போட்ட பெல்ட்டு, நீ கட்டின தரை. என் பொண்டாட்டி அதுமேல நின்னுதான் ஏழெட்டு வருஷம் எனக்கு சோறு ஆக்கிக்கிறா. நீ கொஞ்ச நேரம் நில்லு. நின்னா, நான் எல்லாத்தையும் உட்டுடறேன். நீ நல்லவன்னு நானே ஊருக்குச் சொல்றேன்."

எத்திராஜ் அடுப்படி வாசல் வரை போனான். நிலைப்படியில் கை வைத்தான். வலது காலைத் தூக்கினான். தூக்கின கால் அந்தரத்தில் நின்றது. எட்டிப் பார்த்தான். ஓட்டையிலிருந்து நாற்றம் வந்துகொண்டிருந்தது. காலை வெளியே எடுத்துக் கீழே வைத்தான்.

தெருவே அதைப் பார்த்தது. அதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது? எத்திராஜ் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆடி கழியட்டும். ஆடியில கடகால் போட மாட்டேன்" என்றான்.

"ஆவணி பொறந்த அன்னிக்கு நீ இங்க நிக்கணும். இல்லன்னா உன் புது மனைக்கு வர்ற ஒவ்வொருத்தனையும் இங்க கூட்டியாந்து காட்டுவேன்" என்றாள் சகாயம்மாள்.

ஆவணி பிறந்ததும் வந்தான். சாய்ந்த அடுப்படியை இடித்தான். கிணற்றின் வாயைத் திறந்து, கை எட்டுகிற வரை இருந்த குப்பையை வாரி வெளியே போட்டுவிட்டு, கருங்கல்லும் கிராவலுமாகக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கெட்டித்தான். வீட்டின் மறுபக்கம் புது அடுப்படிக்குக் கடகால் தோண்டினான். பாஸ்கலும் சகாயம்மாளும் முறை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்கள். செங்கல்லை நனைக்கவில்லை என்றால் அவள் கத்துவாள். கலவையில் மணல் கூடினால் அள்ளி அவன் முன்னால் உதறிக் காட்டுவாள். தூக்குக்குண்டைக் காலையில் எடுத்துக் கொடுப்பாள், சாயங்காலம் திரும்ப வாங்கிப் பூட்டி வைப்பாள்.

டீ வேளையில் சித்தாள்களுக்கும் ஆள்காரர்களுக்கும் டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுப்பாள். கூடவே கடித்துக்கொள்ள ஒரு பொறையும் வைப்பாள். எத்திராஜுக்கு மட்டும் கிடையாது. முதல் நாள் அவன் கை நீட்டினான். சகாயம்மாள் அந்தக் கையைத் தாண்டி முனியம்மாவுக்குக் கொடுத்தாள். அதன் பிறகு டீ வேளை வந்தால் அவன் எழுந்து தெருமுனைக்குப் போய்விடுவான். கட்டி முடிக்கிற வரை அந்த வீட்டில் அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடைசி நாள் கரணையைக் கழுவி, குண்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போனான்.

தெரசா டீச்சர் வந்து புதுச் சுவரை நாலு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு ஞானகுமாரியை விட்டுப் போனாள். புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. உள்ளறையில் உத்தரக் கொக்கியில் தூளி கட்டினார்கள். ஐப்பசி மழை அந்த வருஷம் பேய் மழையாகப் பெய்தது. ஏரி தளும்பியது. புது அடுப்படியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஒரு மயிரிழை வெடிக்கவில்லை. சகாயம்மாள் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். பார்த்தவர்களிடமெல்லாம் எத்திராஜை எப்படி வழிக்குக் கொண்டுவந்தேன் என்று கதை கதையாகச் சொன்னாள். அவனுக்குக் கெணத்து மேஸ்திரி என்று பேராகிவிட்டது. புது மனைகள் விலைபோகாமல் புல் முளைத்துக் கிடந்தன. நன்றாக வேண்டும் என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் தாட்சாயிணி வந்தாள். ஆடிக்குப் பிறகு அவளை யாரும் வெளியே பார்க்கவில்லை. பாதியாய் இளைத்திருந்தாள்.

"கொழந்தையப் பாக்க வந்தியா? வா, வா, உள்ள வா" என்றாள் சகாயம்மாள்.

"இல்லக்கா. கல்ல எடுத்துக்கினு போவ வந்தேன்."

அப்போதுதான் சகாயம்மாள் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். கீழுதட்டிலிருந்து மோவாய் வரை தையல் போட்டு ஆறின தழும்பு. பேசும்போது உதடு ஒரு பக்கம் இழுத்தது. முன்பல் ஒன்று இல்லை.

"ஒதட்டுல இன்னாடி?"

"நீ தெருவுல நின்னுகினு கூவினியே, அன்னிக்கு வந்தது."

"ஆத்திரத்துல வாயில வந்துடுச்சி தாட்சாயிணி. நான் வேணும்னு..."

"சத்தியம்னு கேட்டேன். தல ஆட்டினக்கா நீ."

தாட்சாயிணி பின்பக்கம் போனாள். உள்ளறையை ஒட்டி, இடித்துத் தள்ளிய அடுப்படி இருந்த இடம் இப்போது வெறும் தரை. கிணற்றை மூடிய இடத்தில் மட்டும் மண் லேசாக உள்வாங்கி, வட்டமாக மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. மற்ற இடமெல்லாம் காய்ந்துவிட்டிருந்தது. அதன் ஓரத்தில் ஏழு கற்களும் மஞ்சள் வெளுத்து நின்றன. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தண்ணீரில் அலசி, மடியில் போட்டுக்கொண்டாள்.

"உன் ஊட்டுக்கு வேண்டிக்கினா மாதிரி என் புள்ளைங்களுக்குக்கூட நான் வேண்டிக்கினதில்ல" என்றாள் நிமிராமலே. "ராவுல மழ வந்தா எழுந்து உக்காந்துக்குவேன், உன் செவுரு நிக்குதான்னு. இனிமே என்னால முடியாது. உன் ஊட்ட நீ பாத்துக்கோ."

சகாயம்மாளுக்குப் பழைய வாய் வந்துவிட்டது. "கெணறுதான் கல்லு போட்டு மூடியாச்சே, இனிமே வேண்டுதல் இன்னாத்துக்கு? எடுத்துக்கினு போ, எனக்கு ஒண்ணும் கொறஞ்சி போவல."

தாட்சாயிணி தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்தாள். அப்புறம் உள்ளறை ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே தூளியில் குழந்தை சிணுங்கியது. மடியை இறுக்கி முடிந்துகொண்டு போய்விட்டாள்.

சகாயம்மாள் மந்திரித்த தீர்த்தத்தை எடுத்து வந்து அந்த இடத்தில் தெளித்தாள். இரண்டு சொட்டு போதவில்லை. பாட்டிலைக் கவிழ்த்து முழுக்க ஊற்றினாள். கல் இருந்த இடத்தில் ஏழு சின்னக் குழிகள். அவற்றிலும் தண்ணீர் ஊறி நிரம்பிக்கொண்டிருந்தது.

பாஸ்கல் சாயங்காலம் பேக்டரியிலிருந்து வந்தபோது உள்ளறையில் தூளி இல்லை. வாசலை ஒட்டிய முன்னறையில், தெருப்பக்கம், ஒரு ஜன்னல் கம்பியிலிருந்து எதிர் ஜன்னல் கம்பிக்குக் கட்டிய கயிற்றில் அது தொங்கிக்கொண்டிருந்தது. ஞானகுமாரியின் பாயும் தலையணையும்கூட அங்கே வந்திருந்தன.

"இன்னா சகாயம், தூளிய இங்க கட்டிக்கீற?"

"கொழந்தைக்குக் காத்து வரட்டுமேன்னுதான்" என்றாள் அவள், தூளியை ஆட்டிக்கொண்டே. வெளியே கார்த்திகை வாடைக் காற்று ஊசியாய்க் குத்திக்கொண்டிருந்தது.